அமெலியா ஏர்ஹார்ட்: தைல மரங்களைத் தாண்ட முடியாத அந்தச் சின்ன விமானம்

சாயங்கால நேரத்தில் சிம்பாங் அம்பாட் பக்கம் இருந்தால், ஒருமுறை மேற்கே பாருங்கள். பத்து காவானுக்கு அந்தப் பக்கம், கடலுக்கு மேலே, பாயான் லெப்பாஸில் இறங்கப் போகும் விமானமோ அங்கிருந்து கிளம்பிய விமானமோ சின்னதாகக் கண்ணில் படும்.

இந்த ஊரில் வளர்ந்த எனக்கு அது தினமும் பார்த்த காட்சி. அப்போதெல்லாம் விமானம் இறங்குவதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கும். கிளம்புவதில் என்ன இருக்கிறது, மோட்டாரை முறுக்கினால் போகிற மாதிரி அதுவும் போய்விடும் என்று நினைத்துக்கொள்வேன். செய்தித் துறைக்கு வந்து விமான விபத்துச் செய்திகளை எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்த நினைப்பு மாறியது. அதிலும் சிறிய விமானத்தில் பயிற்சி எடுப்பவருக்கு, தரையை விட்டு எழும்பும் அந்த முதல் சில வினாடிகளில் தப்பு செய்ய இடமே கிடையாது.

அந்தச் சில வினாடிகளைப் புரிந்துகொள்ள உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் வாழ்க்கை உதவும். அமெலியா ஏர்ஹார்ட்.

பெயரைக் கேட்டதும் பசிபிக் பெருங்கடலில் காணாமல் போன பெண் விமானி என்று உடனே சொல்லிவிடுவீர்கள். விமானம் எங்கே விழுந்தது, தீவில் கிடைத்த எலும்பு யாருடையது என்று யூடியூப்பில் நூறு வீடியோ இருக்கும். அந்த மர்மத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் விமானத்தைக் கிளப்பிய இடங்களைப் பாருங்கள். அங்கே வேறொரு கதை தெரியும்.

கொட்டகைக் கூரையில் தொடங்கியது

1897-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள அட்சிசன் என்ற சிறிய ஊரில் அமெலியா பிறந்தார். தாத்தா பாட்டி வீட்டில்தான் பெரும்பாலும் வளர்ந்தார். அவருக்கு மியூரியல் என்று ஒரு தங்கை.

ஏழு வயதிருக்கும்போது, கண்காட்சியில் பார்த்த ரோலர் கோஸ்டரை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை வந்தது. கொட்டகைக் கூரையிலிருந்து தரைக்குப் பலகைகளைச் சாய்த்து, ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து சறுக்கி வந்தார். பெட்டி உடைந்தது, கவுன் கிழிந்தது, உதட்டில் அடி. எழுந்து வந்தவர் முகத்தில் அழுகை இல்லை, சந்தோஷம்தான் இருந்தது.

அப்பா எட்வின் ரயில்வே நிறுவனங்களுக்கு வேலை பார்த்த வழக்கறிஞர். குடிப்பழக்கத்தால் வேலையை இழந்தார். அதன் பிறகு குடும்பம் ஊர் ஊராக மாறியது, பள்ளிகளும் மாறின. முதல் உலகப் போர் நேரத்தில் கனடாவின் டொரோண்டோவுக்குப் போன அமெலியா, அங்கே காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையில் தாதி உதவியாளராக வேலை செய்தார். பிறகு மருத்துவம் படிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், கொஞ்ச காலத்தில் விட்டுவிட்டார். 23 வயது வரைக்கும் என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாமல் இருந்த ஒருவர்தான் அவர். உங்களில் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

1920-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி கலிபோர்னியாவின் லாங் பீச்சில் அப்பா அவருக்கு ஒரு விமானச் சவாரி வாங்கிக் கொடுத்தார். பத்து நிமிடம், பத்து டாலர். ஓட்டியவர் பிராங்க் ஹாக்ஸ். இவர் பிற்காலத்தில் வேகப் பறப்பில் பெரிய பெயர் எடுத்தவர். 1938-ஆம் ஆண்டு அவர் ஓட்டிய சிறிய விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கம்பிகளில் மோதி, அவரும் இறந்துபோனார்.

தரையிலிருந்து சில நூறு அடி உயரம் போனதுமே, தானும் ஓட்டிப் பழக வேண்டும் என்று அமெலியா முடிவு செய்துவிட்டார்.

பாடம் நடத்திய நீட்டா ஸ்னூக்

1921-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி முதல் பாடம். இடம், லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கின்னர் ஃபீல்டு என்ற மண் திடல். பேருந்து எங்கே முடிகிறதோ அங்கே இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போவார்.

பயிற்றுநரும் ஒரு பெண். பெயர் நீட்டா ஸ்னூக். அமெலியாவைவிட ஒரு வயதுதான் மூத்தவர். பெண்கள் விமானம் ஓட்டுவதே அபூர்வமாக இருந்த காலத்தில், பழைய போர்ப் பயிற்சி விமானம் ஒன்றை வாங்கித் தானே பழுது பார்த்து, அதில் மற்றவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அமெலியா பற்றிய வீடியோக்களில் இவரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பாடத்துக்குக் காசு வேண்டுமே. தொலைபேசி நிறுவனத்தில் வேலை, புகைப்பட வேலை, லாரி ஓட்டும் வேலை என்று கிடைத்ததை எல்லாம் அமெலியா செய்தார். புதுத் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனால் புது ஆள் என்று மற்ற விமானிகள் கேலி செய்வார்களே என்று, அதைப் போட்டபடியே மூன்று இரவு தூங்கிக் கசக்கினார். முடியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக வெட்டிக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து, அம்மாவின் உதவியோடு சொந்தமாகவே ஒரு விமானம் வாங்கிவிட்டார். கின்னர் ஏர்ஸ்டர். மஞ்சள் நிறம் என்பதால் கேனரி என்று அந்த மஞ்சள் குருவியின் பெயரையே வைத்தார். அழகான சின்ன விமானம், மூன்றே சிலிண்டர் எஞ்சின். ஆனால் அப்போதுதான் பழகுகிற ஒருவருக்கு இவ்வளவு லேசான, துடுக்கான விமானம் சரிவராது என்பது ஸ்னூக்கின் கருத்து. பழகி முடிக்காதவர் கையில் முதல் நாளே பந்தய மோட்டாரைக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

மரம் வந்தது, மூக்கு மேலே போனது

1921-ஆம் ஆண்டு கோடைகாலம். அமெலியாவும் ஸ்னூக்கும் அந்தச் சின்ன விமானத்தில் குட்இயர் ஃபீல்டு என்ற இன்னொரு திடலுக்குப் போயிருந்தார்கள். திரும்பக் கிளம்பும்போது விமானத்தை ஓட்டியது அமெலியா.

விமானம் ஓடியது, தரையை விட்டு எழும்பியது. ஆனால் போதுமான வேகத்தில் மேலே ஏறவில்லை. திடலின் கடைசியில் வரிசையாக யூகலிப்டஸ் மரங்கள் நின்றன. நம்ம ஊரில் தைல மரம் என்போமே, அதுதான். மரங்கள் கிட்டே வந்துகொண்டே இருந்தன.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு செம்பனைத் தோட்டம் முழுசாக உங்கள் முகத்துக்கு நேரே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பின்னால் இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே போகும். மூக்கு மேலே போனால் விமானமும் மேலே போகும். அப்படித்தானே தோன்றும்? அமெலியாவும் இழுத்தார்.

மூக்கு மேலே போனது. விமானம் கீழே விழுந்தது.

புரொப்பெல்லர் உடைந்தது, சக்கரப் பகுதி நொறுங்கியது. நல்லவேளையாக இரண்டு பேருக்கும் பெரிய காயம் இல்லை. எரிபொருள் தீப்பிடிக்காமல் இருக்க அமெலியா எஞ்சின் சுவிட்சை அணைத்திருந்தார். அந்தப் பதற்றத்திலும் அதைச் செய்தது முக்கியமான விஷயம். இதற்கப்புறம் நடந்ததுதான் ஸ்னூக் கடைசிவரை மறக்காத காட்சி. அவர் திரும்பிப் பார்த்தால், அமெலியா மூக்குக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் வந்தால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டுமாம்.

இந்தக் காட்சியை அமெலியாவின் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. ஸ்னூக்குக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மாணவியைப் பற்றித் தான் போட்ட கணக்கு சரிதானா என்ற சந்தேகம் அன்றைக்கு அவருக்கு வந்தது. என்னைக் கேட்டால் ஸ்னூக்குக்கு வந்த சந்தேகம் நியாயமானது. ஒரு பயிற்றுநரின் வேலையே அதுதான்.

மூக்கைத் தூக்கினால் ஏன் விழ வேண்டும்?

இதை நிறைய பேர் எஞ்சின் நின்றுபோனதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டால் என்று விமானிகள் சொல்வது வேறு. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நடக்கலாம். அங்கே வேலையை நிறுத்துவது இறக்கை.

காடியில் போகும்போது கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள். (அம்மா திட்டியிருப்பார், அது சரிதான், இப்போது செய்ய வேண்டாம்.) உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் கை மேலே போகும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் இன்னும் மேலே போகும். ஆனால் ஓர் அளவைத் தாண்டித் தூக்கிவிட்டால், காற்று கையை மேலே தள்ளுவதை விட்டுவிட்டுப் பின்னால் அடிக்க ஆரம்பித்துவிடும்.

விமான இறக்கையும் அப்படித்தான். இறக்கையின் மேற்புறத்தை ஒட்டிக்கொண்டு காற்று வழுக்கிப் போகும் வரைதான் அது விமானத்தைத் தாங்கும். காற்று வரும் திசைக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், மேற்புறக் காற்று பிய்த்துக்கொண்டு சுழலாகிவிடும். தாங்கும் சக்தி சட்டென்று குறைந்துவிடும்.

வேகம் நிறைய இருந்தால் கொஞ்சக் கோணமே போதும், இறக்கை தாங்கிவிடும். வேகம் குறைவாக இருக்கும்போது தாங்குவதற்கே அதிகக் கோணம் வேண்டும். அப்படியென்றால் எல்லைக்குப் பக்கத்தில்தான் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள். டேக்-ஆஃப் நேரம் அப்படிப்பட்ட நேரம்தான். வேகமும் முழுசாக வந்திருக்காது, உயரமும் இருக்காது.

ஸ்டால் ஆன விமானத்தை மீட்க ஒரு வழி இருக்கிறது. மூக்கைக் கீழே இறக்க வேண்டும். கோணம் குறையும், வேகம் கூடும், இறக்கை மறுபடியும் தாங்க ஆரம்பிக்கும். 3,000 அடி உயரத்தில் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது இது சாதாரணப் பயிற்சி. மலாக்கா பத்து பெரெண்டாமிலோ வேறெங்கோ பயிற்சிக்குப் போகும் நம்ம பிள்ளைகள் எல்லாரும் இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஆனால் 50 அடி உயரத்தில், முன்னால் மரம் நிற்கும்போது, மூக்கை மரத்தைப் பார்த்து இறக்க யாருக்குக் கை வரும்?

பயம் சொல்வது ஒன்று, செய்ய வேண்டியது இன்னொன்று. விமானப் பயிற்சியில் பாதி, இந்த இரண்டையும் பிரித்துப் பழகுவதுதான்.

விழுந்த பிறகு என்ன செய்தார்?

பவுடர் கதையைவிட இந்தப் பகுதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விமானத்தைப் பழுது பார்த்த பிறகு, ஜான் மொன்டிகோ என்ற இன்னொரு பயிற்றுநரிடம் அமெலியா மேற்கொண்டு கற்றுக்கொண்டார். இவர் ராணுவத்தில் விமானம் ஓட்டியவர். தனியாகப் பறக்க அவசரப்படுவதுதான் மாணவர்களின் வழக்கம். அமெலியா அதற்கு மாறாக, சாகசப் பறப்பைக் கற்றுக்கொள்ளாமல் தனியாகப் போகமாட்டேன் என்று இருந்தார். விமானம் கட்டுப்பாட்டை இழந்தால், சுழன்றால், தலைகீழாகப் போனால் அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதெல்லாம் கைக்குப் பழக வேண்டும் என்று நினைத்தார்.

பிறகு ஒரு வழியாக முதல் தனிப்பறப்பு. கிளம்பி ஓடி, தரையை விட்டு எழும்புகிற அதே நொடியில் சக்கரத்தின் அதிர்வுதாங்கி ஒன்று உடைந்து, இடது இறக்கை தொங்கியது. என்ன ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது. இந்த முறை அவர் எதையும் இழுக்கவில்லை. பறப்பை நிறுத்திவிட்டார். அதைச் சரிசெய்த பிறகு மறுபடியும் கிளம்பி, 5,000 அடிவரை போய்ச் சுற்றிவிட்டு வந்தார். இறங்கியது படுமோசம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1922 அக்டோபர் 22-ஆம் தேதி, அதே மஞ்சள் விமானத்தில் 14,000 அடி உயரம் போய்ப் பெண்களுக்கான உயரச் சாதனை படைத்தார். 1923 மே மாதம் சர்வதேச விமானி உரிமமும் கிடைத்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெலியா பிறவி மேதை ரகம் இல்லை. அவர் காலத்திலேயே அவரைவிடத் திறமையான பெண் விமானிகள் இருந்தார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. விழுந்து, எங்கே தப்பு என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் விடாமல் பழகியவர் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மூட்டை மாதிரி போனவர்

உரிமம் வாங்கியதும் வாழ்க்கை மாறிவிடவில்லை. கையில் காசில்லை, சைனஸ் தொல்லை வேறு. அப்பா அம்மா பிரிந்தார்கள். 1924-ஆம் ஆண்டு விமானத்தை விற்றுவிட்டு, ஒரு மஞ்சள் கார் வாங்கி, அம்மாவை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனார். பாஸ்டனில் டெனிசன் ஹவுஸ் என்ற இடத்தில் சமூகப் பணியாளர் வேலை. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பது. வார இறுதியில் மட்டும் பறப்பார்.

1928-ஆம் ஆண்டு ஒரு நாள் தொலைபேசி அழைப்பு வந்தது. அட்லாண்டிக்கை விமானத்தில் கடக்கும் முதல் பெண்ணாக இருக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். ஓட்டுவதற்கு இல்லை, பயணியாக. விமானி வில்மர் ஸ்டல்ட்ஸ், மெக்கானிக் லூயி கார்டன்.

அந்தப் பயணத்திலும் பெரிய போராட்டம் கிளம்புவதில்தான். நியூஃபவுண்ட்லாந்தின் டிரெபாசி விரிகுடாவில் மிதவைகளோடு நின்ற அந்தக் கனமான விமானம் தண்ணீரை விட்டு எழும்பவே மறுத்தது. காற்றும் சரியாக வரவில்லை. சுமார் இரண்டு வாரம் அங்கேயே கிடந்தார்கள். கடைசியில் எரிபொருளைக் குறைத்து, ஜூன் 17-ஆம் தேதி பல முறை முயன்று எழும்பினார்கள். 20 மணி 40 நிமிடம் கழித்து வேல்ஸில் பர்ரி போர்ட்டில் இறங்கினார்கள்.

உலகமே அமெலியாவைக் கொண்டாடியது. அவருக்கோ கூச்சம். நான் ஓட்டவே இல்லை, உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்தேன் என்கிற அர்த்தத்தில் பேசினார். அந்தக் கூச்சத்தைத் தீர்க்க நான்கு ஆண்டுகள் ஆனது. 1932 மே 20-ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸிலிருந்து சிவப்பு லாக்ஹீட் வேகா விமானத்தில் தனியாகக் கிளம்பினார். உயரமானி வேலை செய்யவில்லை, இறக்கையில் பனி உறைந்தது, எஞ்சினின் புகைக்குழாய்ப் பகுதியில் வெடிப்பு விழுந்து தீ தெரிந்தது. 14 மணி 56 நிமிடம் கழித்து வட அயர்லாந்தில் ஒரு புல்வெளியில் இறங்கினார். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதல் பெண்.

இதற்கிடையில் 1929-ஆம் ஆண்டு பெண் விமானிகளுக்காக நைன்ட்டி-நைன்ஸ் என்ற சங்கம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவரும் இவர்தான். 1931-ஆம் ஆண்டு பதிப்பாளர் ஜார்ஜ் புட்னமை மணந்தார். 1935-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தனியாகப் பறந்தார். புத்தகம், சொற்பொழிவு, விளம்பரம் என்று பெயர் வளர்ந்துகொண்டே போனது.

லூக் ஃபீல்டில் உடைந்தது விமானம் மட்டும்தானா?

1937-ஆம் ஆண்டு அவருக்கு இன்னொரு பெரிய ஆசை. பூமத்திய ரேகையை ஒட்டி உலகத்தைச் சுற்றி வருவது. இரட்டை எஞ்சின் லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் தயாரானது.

முதல் திட்டம் மேற்கு நோக்கி. கலிபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து ஹவாய்க்கு வந்தாயிற்று. அடுத்தது ஹவாயிலிருந்து பசிபிக்கின் நடுவில் உள்ள ஹவ்லண்ட் என்ற மிகச் சிறிய தீவு. விமானத்தில் அமெலியாவோடு வழிகாட்டி பிரெட் நூனன், இன்னொரு வழிகாட்டி ஹாரி மேனிங். மேனிங் கப்பல் தலைவர். வானொலியிலும் மோர்ஸ் குறியீட்டிலும் கைதேர்ந்தவர்.

மார்ச் 20-ஆம் தேதி, பேர்ல் ஹார்பரில் உள்ள லூக் ஃபீல்டு. டாங்கிகளில் எரிபொருள் நிறைந்திருந்தது. விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. அமெலியா அதைத் திருத்தப் பார்த்தார். அது மறுபக்கம் திரும்பி, அப்படியே சுழன்றது. சக்கரக் கால்கள் முறிந்தன, வயிறு தரையில் தேய்ந்து தீப்பொறி பறந்தது.

மறுபடியும் அவர் கை சுவிட்சுக்குத்தான் போனது. தீப்பிடிக்கவில்லை. மூவரும் இறங்கி நடந்தார்கள்.

ஏன் அப்படி ஆனது? அந்தக் காலத்து விமானங்களில் முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம். எடையெல்லாம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். சாமான் நிறைந்த தள்ளுவண்டியைச் சூப்பர்மார்க்கெட்டில் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் கோணினாலும் முழுசாகத் திரும்பிக்கொள்ளப் பார்க்கும். விமானத்தில் இதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர். டயர் வெடித்ததுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைத்துத் திசை திருத்தப் பார்த்ததுதான் காரணம் என்பது அவருடைய ஆலோசகர் பால் மான்ட்ஸின் எண்ணம்.

விமானத்தைக் கப்பலில் ஏற்றி, கலிபோர்னியாவின் பர்பாங்கில் உள்ள தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பழுது பார்க்கச் சில வாரங்கள் ஓடிவிட்டன. இந்த இடைவெளியில்தான், கவனியுங்கள், மூன்று விஷயங்கள் சத்தமில்லாமல் மாறின. விடுப்பு முடிந்து மேனிங் கப்பல் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவரோடு மோர்ஸ் திறமையும் போய்விட்டது. அமெலியாவுக்கும் நூனனுக்கும் அது அவ்வளவாக வராது. பருவநிலை மாறிவிட்டதால் பயணத் திசையும் கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. அதனால் ஹவாயிலிருந்து போகவேண்டிய ஹவ்லண்ட் தீவு, பயணத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டது. பல வாரம் பறந்து களைத்த பிறகு, வேறொரு திசையிலிருந்து, இன்னும் நீண்ட தூரத்தைத் தாண்டி அதைத் தேட வேண்டிய நிலைமை.

1921-ல் விழுந்தபோது எங்கே பலவீனம் என்று பார்த்து அதையே பழகிவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போனார். 1937-ல் அந்த நேரம் அவருக்குக் கிடைக்கவில்லை, அல்லது அவர் எடுத்துக்கொள்ளவில்லை. விமானம் சரியானது, வானொலி விஷயத்தில் இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. மர்மக் கதைகளில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசினால் மர்மம் கொஞ்சம் குறைந்துவிடும் என்பதாலோ என்னவோ.

நம்ம பக்கத்து வானத்தில்

ஜூன் 1-ஆம் தேதி மயாமியிலிருந்து கிளம்பி, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா தாண்டி, ஜூன் 15-ஆம் தேதி கராச்சிக்கு வந்தார்கள். 17-ஆம் தேதி கல்கத்தா டம் டம் விமான நிலையம். இரவு முழுக்க மழை. மறுநாள் காலை திடல் சேறாகிக் கிடந்தது. இன்னும் மழை வரும் என்றார்கள், காத்திருந்தால் கிளம்பவே முடியாது. சேறு சக்கரத்தைப் பிடித்து இழுக்க, எலெக்ட்ரா கஷ்டப்பட்டு ஓடியது. எதிரே மறுபடியும் மரங்கள். கடைசி நேரத்தில் மட்டுமே எழும்பி, அந்த மரங்களின் தலையைத் தாண்டிப் போனார்கள்.

16 ஆண்டுகளுக்கு முன் தைல மரங்கள் முன்னால் விழுந்த அதே ஆள்தான். இந்த முறை மூக்கைத் தூக்குவதற்கு முன்னால் வேகத்துக்காகக் காத்திருந்த கை அது.

பர்மாவின் அக்யாப்பில் பருவமழை ஒருமுறை அவர்களைத் திருப்பி அனுப்பியது. பிறகு ரங்கூன், பாங்காக். ஜூன் 20-ஆம் தேதி பாங்காக்கிலிருந்து மலாயா தீபகற்பத்தின் நெடுகத் தெற்கே பறந்து சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கினார்கள். அந்த நிலையம் திறந்து எட்டே நாள்தான் ஆகியிருந்தது. நம்ம தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலம். யாராவது தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அங்கிருந்து ஜாவா, ஆஸ்திரேலியாவின் டார்வின், பிறகு நியூ கினியின் லே. ஜூலை 2-ஆம் தேதி காலை 10 மணிக்கு லேயிலிருந்து ஹவ்லண்டுக்குக் கிளம்ப வேண்டும். தூரம் 4,100 கிலோமீட்டருக்கும் மேல். விமானம் வழியில் எங்கும் நிறுத்தாமல் போக வேண்டும் என்பதால் எரிபொருள் ஏராளம். ஓடுபாதையோ சுமார் 900 மீட்டர் புல்தரை, அது முடியும் இடத்தில் கீழே கடல்.

இந்தப் புறப்பாட்டை யாரோ படம்பிடித்திருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும், பாருங்கள். ஓடுபாதை முழுவதையும் தின்றுவிட்டு, கடைசியில்தான் விமானம் தரையை விட்டது. நீரை ஒட்டித் தாழ்ந்து போய், வேகம் சேர்த்து, அப்புறம்தான் மெல்ல ஏறியது. இழுத்துத் தூக்கவில்லை. அவர் வாழ்க்கையின் மிகக் கடினமான டேக்-ஆஃப் அதுதான். அதைச் சரியாகவே செய்தார்.

மறுநாள் விடிகாலை நேரத்தில், ஹவ்லண்ட் அருகே காத்திருந்த இடாஸ்கா என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பலுக்கு அவருடைய குரல் தெளிவாகவே கேட்டது. கப்பல் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. தீவுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், ஆனால் கண்ணில் படவில்லை, எரிபொருள் குறைகிறது என்று தகவல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அமெரிக்கக் கடற்படை விமானந்தாங்கிக் கப்பலோடு போய்ப் பெருங்கடலில் பெரிய தேடுதல் நடத்தியது. ஒன்றும் கிடைக்கவில்லை. 1939-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி அமெலியா இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. காணாமல் போனபோது அவருக்கு 40 வயது ஆக மூன்று வாரம் இருந்தது.

நீட்டா ஸ்னூக் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். திருமணமாகி, குழந்தை பிறக்கப் போகிறது என்று தெரிந்ததும் 1922-ஆம் ஆண்டு வாக்கில் விமானம் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். தன் மாணவி உலகப் புகழ் பெற்றதையும் பிறகு காணாமல் போனதையும் தரையிலிருந்தே பார்த்தார். பல பத்தாண்டுகள் கழித்து, 1974-ஆம் ஆண்டு, அமெலியாவுக்குப் பாடம் நடத்திய நாட்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். தைல மரங்கள், உடைந்த புரொப்பெல்லர், பவுடர் எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு இறந்தபோது அவருக்கு வயது 95.